பதினைந்தடி உயரத்தில் ஒரு கம்பி

ஐந்து மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம் இருக்கிறது, இல்லை, இந்தச் சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும், ஆகவே இருபது. இருபது நிமிடத்தில் ஒரு காபி குடிக்கலாம், அது குடித்தாயிற்று, ஜன்னல் கம்பியைத் துடைக்கலாம், அதுவும் துடைத்தாயிற்று, கடற்காற்றில் நாளைக்கே மறுபடி பிசுபிசுக்கும், பரவாயில்லை, கைக்கு ஒரு வேலை. ரேடியோவை நாலு மணிக்கே போட்டுவிட்டேன். அது அரிசி களைகிற சத்தத்தில் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கிறது. இந்த இரைச்சலை முப்பத்தோரு வருஷமாகக் கேட்கிறேன், லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து, பகலில் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார், மாலையில் மாடியேறி மைக்கைப் பிடித்துக்கொண்டு முகம் தெரியாத தேசத்து ஆட்களோடு பேசுகிறவன் என்று இரண்டு பிழைப்பாக ஆன நாளிலிருந்து. ஒருநாளும் அது என்னைப் பயமுறுத்தியதில்லை. இப்போது பத்து மாதமாகப் பயமாக இருக்கிறது. அந்த இரைச்சலுக்குள் ஒருவர் இருக்கிறார், செத்துப்போனவர், முத்திருளப்பன் என்று பெயர். ஐந்து மணிக்கு அவருடைய மகள் பூங்கொடி அந்தமானிலிருந்து, அவர் வைத்திருந்த அதே ரேடியோவில், அவர் கட்டிவிட்டுப் போன அதே ஆன்டெனாவில், முதல்முறையாக என்னைக் கூப்பிடப் போகிறாள். கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். என் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்குது அங்கிள் என்று. அதற்கு நான் ஓர் எண் சொல்லவேண்டும், இரண்டே இலக்கம். 

முதல் இலக்கம் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டாவது சத்தம் எவ்வளவு வலுவாக வருகிறது என்பது, ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஃபைவ் நைன் என்றால் பக்கத்துவீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று அர்த்தம். அர்த்தம் அப்படி, வழக்கம் வேறே. எங்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் எதிராளிக்கு ஃபைவ் நைன்தான் கொடுப்பார்கள். “உங்களுக்கு ஃபைவ் நைன், பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள், ஒன்றும் கேட்கவில்லை” என்று ஒரே மூச்சில் சொல்கிற மகாத்மாக்களை எனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன், சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்திருக்கிறது. இதோ என் லாக் புத்தகம், யாரோடு எப்போது பேசினேன், என்ன ரிப்போர்ட் கொடுத்தேன், என்ன வாங்கினேன் என்று வரிசையாக, பக்கத்தை எங்கே புரட்டினாலும் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது, ஏதோ ஸ்ரீராமஜெயம் எழுதினமாதிரி. பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். முப்பத்துநாலு வருஷம் பையன்கள் வரைந்த கிளி, பூசணிக்காய், சூரிய உதயம் எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில் ‘நன்று’. கிளியா பூசணிக்காயா என்று தெரியாத படத்துக்கும் நன்று. ஒரு மனிதன் முகம் வாடாமல் இருக்க இரண்டு எழுத்து அதிகம் எழுதினால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன். கீழே நீலா, என் மனைவி, தாளிக்கிற சத்தம் கேட்கிறது. மாடிப்படி வழியாகக் கடுகு வாசனையோடு அவள் குரலும் வருகிறது. “ஏங்க, அந்தப் பொண்ணு கூப்ட்டுடுச்சா?” இன்னும் இல்லை என்கிறேன். “உப்பே போடாத ரசத்த முப்பத்தஞ்சு வருஷமா பிரமாதம் பிரமாதம்னு குடிக்கிற மனுஷன். உங்ககிட்ட போயி ஒருத்தி அபிப்பிராயம் கேக்குறா பாருங்க.” சிரிக்கிறாள். நானும் பழக்கத்தில் சிரிக்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

முத்திருளப்பனை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் பேசியிருக்கிறோம், அவர் வீட்டில் எந்த மாடு கன்றுபோட்டது என்பது வரை எனக்குத் தெரியும், ஆள் குட்டையா நெட்டையா தெரியாது. ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், இருபது வயதில் பாக்குத்தோட்ட வேலைக்கு அந்தமானில் ஒரு சின்னத் தீவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டவர், மனைவி பஞ்சவர்ணம், ஒரே மகள். குரலில் ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கொஞ்சம் ஏற்றி நிறுத்துவார், ஏணியில் கடைசிப் படியில் கால் வைத்துப் பார்க்கிறவர்போல. எனக்குக் கிடைத்த இடம் பாக்கியம், அவருக்கு வாய்த்த இடம் சோதனை. நாகப்பட்டினத்தில் மலை என்றால் உப்பளத்துக் குவியல்தான், என் வீட்டு மொட்டைமாடியில் அறுபதடிக் கம்பம், அதற்குக் கிழக்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை, ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் வெறும் கடல். அவர் வீடோ ஒரு மலையின் கிழக்கு அடிவாரத்தில். நம் கரை இருக்கிற மேற்குப் பக்கம் முழுக்க மலையின் முதுகு. நாலரை மணிக்கே வாசலில் வெயில் போய்விடும் என்பார். “சூரியனுக்கே எங்க வீட்ட எட்டிப் பாக்க முடியல சார், என் குரல் எப்படி அந்தப் பக்கம் தாண்டும்?” என்று முதல் வருஷம் கேட்டார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவு தாழ்வாக அலை கிளம்பும், கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. கம்பியிலிருந்து புறப்படுகிற அலையில் ஒரு பகுதி தரையில் பட்டுத் திரும்பி மற்றதோடு சேர்கிறது. கம்பி தரைக்குப் பக்கத்தில் தொங்கினால் இரண்டும் சேர்ந்து நேரே உச்சியைப் பார்த்துப் போய்விடும். முப்பது, நாற்பது அடிக்கு மேலே ஏற்ற ஏற்ற அலை தலைகுனிந்து தொடுவானத்தை நோக்கிப் போகும். தொலைவுக்குப் போகிற அலை தாழ்ந்துதான் போகவேண்டும், மேல்வானத்தில் ஒருமுறை பட்டு இங்கே கடலோரம் வந்து இறங்கும். தாழ்ந்து போனால் மட்டும் போதாது, எதிரில் தரை ஏறக்கூடாது. உங்களுக்கு முன்னால் தரை சரிந்து இறங்கினால் அது வரம், ஏறினால் சுவர். இதையெல்லாம் புரிந்துகொண்டு அவர் மலைத்தோள்மேல் நூற்றுச்சொச்சம் படி ஏறி, அங்கிருந்து மேற்கே சரிவு இறங்குகிற இடமாகப் பார்த்து, பாக்குமரத்தை மூன்று துண்டாகச் சேர்த்துக் கட்டி நாற்பத்தைந்தடியில் கம்பியை ஏற்றினார். அன்றைக்கு அவர் குரல் வந்ததே, அடேயப்பா, நீலா கீழே இருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அன்று நான் கொடுத்த ஃபைவ் நைன் சத்தியமான ஃபைவ் நைன்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு காற்றடித்து அந்தக் கம்பம் சாய்ந்தது. அவர் தற்காலிகமாக என்று சொல்லி, வீட்டுக் கூரையிலிருந்து முற்றத்துத் தென்னைக்குக் கம்பியை இழுத்துக் கட்டினார். பதினைந்தடி. அடிவாரத்தில். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நேரம் கூட ஞாபகம் இருக்கிறது, ஐந்து பத்து, கூப்பிட்டார். இரைச்சலுக்கு அடியில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. “சார், கம்பி கீழ கெடக்கு, எப்படிக் கேக்குது? சரியில்லேன்னா சொல்லுங்க, சனிக்கெழம ரெண்டு ஆளக் கூட்டிட்டு மலைக்கே ஏத்திடுறேன்.” இதை நான் இப்போது முழு வாக்கியமாகச் சொல்கிறேன். அன்றைக்குக் காதில் விழுந்தது ‘கம்பி’, ‘எப்படி’, ‘சனி’, ‘மலை’. மற்றதை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். அதுதான் விஷயம். ஒன்பது வருஷப் பழக்கத்தில் அவர் எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பது வரை எனக்குத் தெரியும், பாதிச் சொல் வந்தால் மீதி என் மண்டைக்குள்ளிருந்தே வந்துவிடும், கேட்டேனா நினைத்தேனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல வராது. வேறொருவன் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டிருந்தால் மனிதக் குரல் என்றே கண்டுபிடித்திருக்க மாட்டான். நான் வாயைத் திறந்தேன். “ஃபைவ் நைன், முத்திருளப்பன், முதல்தரமா இருக்கு.” ஏன் சொன்னேன்? பத்து மாதமாக இதைத்தான் அரைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி, ஐம்பத்தெட்டு வயதில் மரத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவேண்டாமே என்று நினைத்தேன், இது ஒரு காரணம், கொஞ்சம் நல்ல காரணம். மொரீஷியஸ்காரர் ஒருவர் என்னோடு பேசக் காத்திருந்தார், சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது, இது இன்னொரு காரணம், அவ்வளவு நல்லதில்லை. உண்மையான காரணம் இரண்டும் இல்லை. வாய்க்கு அதுதான் பழக்கம். யோசித்துச் சொல்லியிருந்தால்கூட என்னை நானே மன்னித்துவிடலாம்.

மணி நாலு ஐம்பத்துமூன்று. அவர் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார் என்று நினைப்பு ஓடுகிறது, இல்லை, பூங்கொடி, பூங்கொடிதான் இழுத்துப் போடுவாள். அங்கே மலை நிழல் முற்றத்தைத் தாண்டியிருக்கும். இங்கே கடல்மேல் இன்னும் நல்ல வெயில், கண் கூசுகிறது. லாக் புத்தகத்துக்கு அடியில் அந்தப் படம் இருக்கிறது. எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டேன். போன ஆடியில் பூங்கொடி போனில் அனுப்பியது, முத்திருளப்பன் லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கம், “அப்பா கடைசியா உங்களப் பத்தித்தான் எழுதியிருக்காங்க அங்கிள்” என்று ஒரு வரியோடு. நான் அதைக் கடைக்குப் போய்ப் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியாது, புண்ணை நாக்கு தேடிக்கொண்டு போகிறமாதிரி. ஜூன் பதினெட்டு. மூன்று நாளாக மழை, அந்தத் தீவில் போன் டவர் விழுந்துவிட்டது. சாயங்காலம் நாலரைக்கு அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஏழு கிலோமீட்டரில் படகுத்துறைப் பக்கம் ஆஸ்பத்திரி, தோட்டத்து ஜீப் வாசலில் நிற்கிறது, பஞ்சவர்ணம் கிளம்பலாம் கிளம்பலாம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவர் சொன்னாராம், வழியில் மரம் விழுந்து கிடக்கும், நடுவில் மாட்டிக்கொள்வோம், அமிர்தகடேசன் சாரிடம், அதாவது என்னிடம், ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் போர்ட் பிளேருக்குப் போன் போட்டு ஹெலிகாப்டரே வரவழைத்துவிடுவார், நம்ம குரல் அவருக்கு ஃபைவ் நைனில் போகிறது. இதைப் பூங்கொடி என்னிடம் நன்றியோடு சொன்னாள். நன்றியோடு. பிறகு அந்தப் பக்கம். அவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிருக்கிறது. ‘5.02 அமிர்தம் சாரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. 5.09 சார் மலேசியாவோடு பேசுகிறார். நன்றாகக் கேட்கிறது. முடியட்டும்.’ முடியட்டும் என்று காத்திருந்திருக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருவர் பேசும்போது குறுக்கே நுழையக்கூடாது என்கிற எங்கள் மரியாதைக்காக. ‘5.21 பிரேக் கொடுத்தேன். சாருக்குக் கேட்கவில்லை போல.’ பிரேக் என்றால் அவசரம், வழிவிடுங்கள் என்று குறுக்கே கூப்பிடுவது. ‘5.30 பிரேக். 5.34 பிரேக். 5.44 சார் சிரிக்கிறார்.’ அதற்குப் பிறகு ஒரு கோடு, பேனா இழுத்துக்கொண்டு போன கோடு. ஆறு மணிக்கு மேல் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். வழியில் மரம் எதுவும் விழுந்திருக்கவில்லை, அவர்தான் பாதிவழிக்குமேல் இல்லை.

எதற்குச் சிரித்தேன் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். மலேசியாவில் ஈப்போ என்கிற ஊரில், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், அவர் வீட்டுக் கூரையில் ஓர் உடும்பு ஏறி ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது என்றார். அதற்குச் சிரித்தேன். அதற்கு முன்னால் இருபது நிமிடம் என் அறுபதடிக் கம்பத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். என் குரல், அவருடையதைவிடப் பலமடங்கு சக்தியுள்ள என் ரேடியோவிலிருந்து தாழ்ந்து, கடலை வழித்துக்கொண்டு, மலையைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சிரித்திருக்கிறது, அவர் குரல் மட்டும் பதினைந்தடிக் கம்பியிலிருந்து நேரே மேலே போயிருக்கிறது. உச்சிக்குப் போகிற அலை திரும்பி வராது, வானத்தைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். இப்போதும் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் மீதி கொஞ்சம் மலை விளிம்பைத் தாண்டி வந்தது. வந்தது, எனக்குத் தெரியும். ஐந்தரை மணி வாக்கில், ஈப்போக்காரர் பேச்சுக்கு அடியில் ஏதோ ஒன்று, பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல், ஒவ்வொரு தடவையும் கடைசியில் கொஞ்சம் ஏறி நின்றது. ஏறி நின்றது. அந்தத் தாளம் எனக்குத் தெரியாதா? பாதிச் சொல்லை வைத்து முழு வாக்கியம் கட்டுகிற இந்தக் காது அன்றைக்கு எங்கே போயிற்று? நான் என்ன செய்தேன் தெரியுமா, “ஏதோ இரைச்சல் வருது, இருங்க” என்று ஈப்போக்காரரிடம் சொல்லிவிட்டு, இரைச்சலை வடிகட்டுகிற இந்தக் குமிழை, இதோ இந்தக் கறுப்புக் குமிழை, வலதுபக்கம் திருப்பினேன். சத்தம் போய்விட்டது. சுத்தமாக இருந்தது. நாலாம் நாள் டவர் சரியாகி பூங்கொடி போன் செய்து, அழுது முடித்து, அப்பா அவ்வளவு நேரம் கூப்பிட்டாங்களே, உங்களுக்கு ஏன் அங்கிள் கேக்கல என்று கேட்டபோது, “அன்னைக்கு வானம் சரியில்லம்மா” என்றேன். மேல்வானம் சில நாள் அலையைத் திருப்பாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாதானம், யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். வானம் அன்றைக்குப் பளிங்குமாதிரி இருந்தது. ஈப்போவே சாட்சி. அன்றிலிருந்து அந்தக் குமிழை நான் தொடுவதில்லை, இரைச்சல் முழுவதையும் அப்படியே கேட்கிறேன், அதற்குள் தினம் ஒருவர் கூப்பிடுகிறார், கடைசிச் சொல்லை ஏற்றி நிறுத்துகிறார், நான் பதில் கொடுத்தால் வெறும் இரைச்சல். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று நம்புகிறேன்.

“ஏங்க, கம்பத்து இழுப்புக் கம்பியில என் பொடவைய காயப்போட்டிருக்கேன், அது தடுக்காதே?” தடுக்காது என்கிறேன். நாலு ஐம்பத்தெட்டு. போன வாரம் பூங்கொடி போன் செய்தாள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டாளாம், அங்கன்வாடி வேலை முடிந்து சாயங்காலம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து பழகுகிறாளாம். “இந்த மழைக்கு டவர் விழுந்தா எங்க தீவுக்கு இதுதான் அங்கிள் வழி, ஊர்க்காரங்க கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. யாருக்கு என்ன ஆனாலும் நான் உங்களக் கூப்பிடுவேன், நீங்க போர்ட் பிளேருக்குச் சொல்லுங்க.”  எதற்கும் கம்பியை மலைமேலே ஏற்றிவிடேன் அம்மா என்றேன். “எதுக்கு அங்கிள்? அப்பா கட்டுன கம்பிய தொடவே இல்ல, அதே ஒயரம். அப்பாவுக்கு நீங்க ஃபைவ் நைன் குடுத்த கம்பியாச்சே. வெட்டி வச்ச மரம் இருக்கு, ஆளும் அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்காங்க, அப்புறம் வேலைக்கு வேற தீவுக்குப் போயிடுவாங்க. ஆனா நல்லா இருக்கிறத ஏன் மாத்தணும்னு அவங்க கேப்பாங்கல்ல?” கேட்பார்கள்தான். மே கடைசியில் அங்கே மழை பிடித்துவிடும். ஐந்து வாரம். நான் இன்றைக்கு உண்மையைச் சொன்னால் கம்பம் மலைக்கு ஏறும், அடுத்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிடும், அதே கம்பி, அதே உயரம், அப்பா குரலும் இப்படித்தானே கேட்டிருக்கும் என்று. ஃபைவ் நைன் என்று சொல்லிவிட்டால் அவள் சந்தோஷப்படுவாள், என்னை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், ஆனியில் ஒரு சாயங்காலம் யாருக்கோ பிரசவம் சிக்கலாகும், யாரையோ பாம்பு கடிக்கும், அவள் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், அவள் குரல் நேரே மேலே போகும். எனக்கு உண்மையைச் சொல்லப் பயமாக இருக்கிறது. அறுபத்துநாலு வயதில் ஓர் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் பயம். இன்னொரு ஆசையும் உள்ளே ஊர்கிறது, வெட்கக்கேடு, வானமே இன்றைக்கு நிஜமாகச் சரியில்லாமல் போய்விட்டால், அவள் குரல் வராமலே போய்விட்டால் தப்பித்தேன் என்று. ஐந்து.

இரைச்சல். இரைச்சல்தான். ஐந்து ஒன்று. டயலைத் தொடாதே. ஐந்து இரண்டு, அதோ, இல்லை, அது எதிர்வீட்டு மிக்ஸி. மறுபடி, இரைச்சலின் அடியில், கீச்சென்று மெல்லிய ஒன்று, மேலே வருகிறது, முங்குகிறது, பெண்குரல், என் அழைப்புக்குறியின் கடைசி எழுத்து, அப்புறம் அப்பாவைப்போலவே, ஐயோ, அப்பாவைப்போலவே கடைசியில் கொஞ்சம் ஏறி நிற்கிறது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைக்கை அழுத்தி, கேட்கிறேன் அம்மா, சொல்லு என்கிறேன். “...கிள்... பூங்கொ... மொதத் தடவ... எப்படி...” மண்டைக்குள் மீதி வாக்கியம் தானாக ஓடி வந்து இடைவெளிகளில் உட்கார்ந்துகொள்கிறது, முழுசாக, தெளிவாக, பக்கத்தில் இருந்து சொன்னமாதிரி. எழுந்திருங்கள், போங்கள் வெளியே என்று அந்தச் சொற்களையெல்லாம் விரட்டுகிறேன். காதில் விழுந்தது நாலு துண்டு. அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்தில் பெயரைத் தவிர வேறெதையும் இரண்டாம் தரம் கேட்காதவன் கேட்கிறேன், “திருப்பிச் சொல்லும்மா, மெதுவா.” அவள் திருப்பிச் சொல்கிறாள். என் குரல் எப்படிக் கேட்குது அங்கிள். வாய் தானாகத் திறந்து “ஃபைவ்” என்றுவிட்டது. மைக்கை அழுத்தவில்லை, நல்லவேளை, விரல் வாயைவிட மெதுவானது. ஜன்னலில் நீலாவின் புடவை காற்றில் அடித்துக்கொள்கிறது. மைக்கை அழுத்துகிறேன். “த்ரீ டூ, பூங்கொடி. மூணு, ரெண்டு. பாதிதான் புரியுது. சத்தம் ரொம்பக் கம்மி. இந்தக் கம்பி உதவாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள மலைக்கு ஏத்திடு.” விட்டதும் இரைச்சல்.  நான் விநாடிமுள்ளைப் பார்க்கிறேன், பதினொன்று, பன்னிரண்டு. “... ரலும்... இப்படித்தா...” புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்லலாம். கேட்கவில்லை அம்மா, வானம் மூடிக்கொண்டது, நாளைக்குப் பார்ப்போம், இந்தத் தொழிலில் அதைவிட லேசான பொய் கிடையாது, யாராலும் சரிபார்க்கவும் முடியாது. கை கறுப்புக் குமிழிடம் போகிறது. திரும்பி வருகிறது. “திருப்பிச் சொல்லு” என்கிறேன், தப்பிப்பதற்காக இல்லை, அவள் வாயால் முழுசாகக் கேட்கவேண்டும். இந்தத் தடவை அலை மேலே வந்தது, ஒரு கணம், ஒவ்வொரு சொல்லாக. “அப்பா குரலும் இப்படித்தான் கேட்டுச்சா அங்கிள்?”

“ஆமா” என்கிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “இதைவிட ஒண்ணும் அதிகமில்ல. நான் மரியாதைக்கு ஃபைவ் நைன்னு சொன்னேன். அவரு நம்பிட்டாரு. கம்பத்த ஏத்தல. அன்னைக்கு வானம் நல்லாத்தான் இருந்துச்சு பூங்கொடி, உன்கிட்ட பொய் சொன்னேன். அவரு கூப்பிட்டது எனக்கு லேசா கேட்டுச்சு. இரைச்சல்னு நெனச்சி குமிழத் திருப்பிட்டேன்.” படியில் காலடி. நீலா கரண்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள், எவ்வளவு கேட்டாளோ, எல்லாமே கேட்டிருப்பாள், நான் கத்தியிருக்கிறேன்.  ரேடியோவில் அரிசி களைகிற சத்தம். கடலில் ஒரு விசைப்படகு கரைக்குத் திரும்புகிறது. பூங்கொடி மைக்கை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள் என்றே நினைத்தேன், போகட்டும், அவளுக்கு உரிமை உண்டு, முத்திருளப்பனுக்கு நான் பதில் சொல்ல வராத சாயங்காலத்துக்கு இது ஈடாகாது. நாலு நிமிடம் போயிற்று. பிறகு வந்தாள். மெலிந்துதான் வந்தாள், துண்டு துண்டாகத்தான், ஆனால் எனக்குப் பழகிய வரிசையில், எங்கள் முறைப்படி, ரிப்போர்ட் வாங்கியவர் ரிப்போர்ட் கொடுக்கவேண்டும் என்ற முறைப்படி. இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் தரம்தான் முழுசாக எழுதிக்கொண்டேன். “உங்க சிக்னல் ஃபைவ் நைன் அங்கிள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. அம்மாவும் பக்கத்துலதான் இருக்காங்க, அவங்களும் கேட்டாங்க. ஞாயித்துக்கெழம கம்பத்த ஏத்துறோம். ஏத்திட்டு கூப்பிடுவேன். கேட்டத மட்டும் சொல்லுங்க.” அதோடு போய்விட்டாள், வணக்கம் சொல்லாமல். லாக் புத்தகத்தைத் திறந்து இன்றைய தேதியைப் போட்டு, நேரத்தைப் போட்டு, அவள் பெயரை எழுதினேன். கொடுத்தது என்ற இடத்தில் முப்பத்திரண்டு. அந்தப் புத்தகத்தில் அப்படி ஓர் எண் அதுதான் முதல். வாங்கியது என்ற இடத்தில் ஐம்பத்தொன்பது என்று எழுதினேன். அவள் அதை மரியாதைக்குச் சொல்லவில்லை.